சூட்டுப் பெட்டியில் தயிர்

தங்கச்சாமி பொய்யே சொல்லாத ஆள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். திருப்பத்தூர்ச் சந்தையில் மாடு வாங்கிய கதையை அவர் மூன்று விதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மூன்றிலும் மாட்டின் நிறம் வேறு. ஆனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் எத்தனை தடவை கேட்டாலும் ஒரு சொல் மாறாது. கூட்ட மாட்டார், குறைக்க மாட்டார். சொல்லி முடித்த பிறகு வெகுநேரம் யாரிடமும் பேச மாட்டார். அவ்வளவு வாயாடி மனுஷன் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் நடுச்சாமம், சுடுகாடு, நாய் ஊளை என்று எதிர்பார்த்து உட்காராதீர்கள். இது பட்டப்பகலில் நடந்தது. ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி ஆயா வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

அறுபத்தாறாம் வருஷம், மார்கழி. காரைக்குடிக்கு வெளியே ஒரு செட்டியார் குடும்பம் நடத்தி வந்த தர்ம ஆஸ்பத்திரி. அதில் தங்கச்சாமி லேப் டெக்னீஷியன். ரத்தம், சளி, மலம் இவற்றைச் சோதித்து என்ன நோய் என்று சொல்கிற வேலை. கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது விசாரித்தால் ‘ஆஸ்பத்திரியில் உத்தியோகம்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். பக்கத்து இலைக்காரர் சாப்பிட வேண்டுமே.

அந்த லேபில் ஒரு பழைய இன்குபேட்டர் இருந்தது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் அதைச் சூட்டுப் பெட்டி என்பார்கள். இடுப்பு உயரம். வெளியே தகரக் கதவு, அதற்குள் கண்ணாடிக் கதவு, உள்ளே இரண்டு தட்டுகள். காய்ச்சல்காரனின் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து, கிருமிக்குத் தீனி போட்ட குப்பியில் விட்டு இதற்குள் வைத்தால், பெட்டி அதை மனுஷ உடம்பின் சூட்டிலேயே வைத்திருக்கும். கிருமி இருந்தால் பெருகிவிடும். பிறகு பார்த்து, இது டைபாய்டு, இது வேறு என்று சொல்லிவிடலாம். ஊரில் நோய் தீர்ப்பதற்காக அந்தப் பெட்டி வருஷக்கணக்கில் நோயை வளர்த்துக்கொண்டிருந்தது.

அந்த மார்கழியில் மதராஸிலிருந்து புதுப் பெட்டி வந்தது. பழையதைக் கழித்துக் கட்ட வேண்டும். லேப் சாமான் எதுவும் கிருமியோடு வாசல்படி தாண்டக் கூடாது என்பது டாக்டர் மெய்யநாதனின் சட்டம். அதற்கு முந்தின மாதம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இனாமாகக் கொடுத்த, ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற பழைய சென்ட்ரிபியூஜைக்கூட, தங்கச்சாமி துடைத்த பிறகு அவர் தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை, மாட்டி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். சூட்டுப் பெட்டியைச் சுத்தம் செய்து, உடைத்து, பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதாகத்தான் பேச்சு.

அதே வாரம் தங்கச்சாமியின் மனைவி அன்னக்கிளிக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டது. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து வயிற்றில் தங்கிய பிள்ளை. அதே ஆஸ்பத்திரியில், மூன்றாம் நம்பர் அறையில் பிறந்தது. பெண் குழந்தை. உள்ளங்கையில் அடங்கிவிடும் போல இருந்தது. அழுகைகூடப் பூனைக்குட்டி முனகுவது மாதிரிதான். பஞ்சில் சுற்றி, இரண்டு பக்கமும் வெந்நீர்ப் புட்டி வைத்தார்கள். புட்டி ஆறுகிற வேகத்தில் பிள்ளையும் ஆறியது.

“சூடு போயிரக் கூடாது தங்கச்சாமி” என்றார் டாக்டர். “மருதைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம்தான். ஆனா இந்தப் பனியில கார்ல போயிச் சேருறதுக்குள்ள வெறைச்சுப் போகும்.”

தங்கச்சாமி லேப் பக்கம் கையைக் காட்டினார்.

“டாக்டரய்யா, அந்தப் பழைய பெட்டி இருக்கில்ல. அது ஒடம்புச் சூட்டுலயேதான நிக்கும்.”

“அதுல என்னென்ன வளந்துச்சுன்னு ஒனக்குத் தெரியாதா?”

“தெரியும்யா. நான் சுத்தம் பண்ணிருவேன்.”

டாக்டர் அவரையே பார்த்தார். வேறு வழி இருந்திருந்தால் திட்டியிருப்பார். “பண்ணு. எனக்குத் திருப்தியாகுற வரைக்கும் பிள்ளையை அதுக்குள்ள வைக்க விடமாட்டேன்” என்றார்.

தங்கச்சாமி வாழ்க்கையில் எந்த வேலையையும் அப்படிச் செய்ததில்லை. தட்டுகளைக் கழற்றி ஆட்டோகிளேவில் போட்டு நீராவியில் வேகவைத்தார். பெட்டியின் உள்பக்கத்தைக் கிருமி கொல்லும் லைசால் போட்டு மூலை முடுக்கெல்லாம் தேய்த்தார். கதவு ஓரத்து ரப்பரைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டார். கடைசியாக, ஒரு பீங்கான் தட்டில் பெர்மாங்கனேட்டை வைத்து, அதன்மேல் ஃபார்மலினை ஊற்றி, சட்டென்று கதவைச் சாத்தினார். உள்ளே புஸ்ஸென்று பொங்கும். கிளம்புகிற ஆவி கண்ணைப் பிடுங்கும், நெஞ்சை எரிக்கும். உயிருள்ள எதுவும் அதற்குள் தப்பாது. கதவின் இடுக்கு முழுக்கக் காகிதத்தை நறுக்கிப் பசை தடவி ஒட்டினார். மின்சாரக் கம்பியைப் பிடுங்கினார். லேப் கதவைப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார்.

“பெட்டி எப்பங்க வரும்?” என்றாள் அன்னக்கிளி.

“நாளைக்கு.”

“காலைத் தொட்டுப் பாருங்க.”

தொட்டார். விரல் நுனி அளவே இருந்த பாதம் தண்ணீரில் ஊறியது மாதிரி சில்லென்று இருந்தது.

மறுநாள் மத்தியானம் போய்ப் பார்த்தார். பூட்டு பூட்டியபடி இருந்தது. பெட்டியில் ஒட்டிய காகிதம் ஒரு நூல் பிரியவில்லை. மூக்கில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு, காகிதத்தைக் கிழித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவைத் திறந்தார்.

கண் எரியவில்லை.

துண்டை இறக்கிவிட்டு மோந்து பார்த்தார். ஃபார்மலின் நெடி இல்லை. வேறு ஏதோ வாசனை. வீட்டு வாசனை. இது என்ன, இது எனக்குத் தெரிந்ததாயிற்றே என்று ஒரு கணம் குழம்பினாராம். அப்புறம்தான் பிடிபட்டது. தயிர்.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், மேல்தட்டின் நடுவில், ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம். அது நிறையத் தயிர். மேலே ஆடை கட்டி, கட்டியாக, அசையாமல் இருந்தது. பீங்கான் தட்டு கீழே பழுப்பேறிக் காய்ந்து கிடந்தது. அதாவது மருந்து பொங்கியிருக்கிறது, ஆவி கிளம்பியிருக்கிறது. அந்த ஆவியில் பால் தயிராகத் தோயாது. தயிராக்குகிறதும் உயிர்தானே, அதுவும் செத்துப்போகும்.

கிண்ணத்தைத் தொட்டார். இளஞ்சூடாக இருந்தது. மின்சாரக் கம்பி பிடுங்கியது பிடுங்கியபடி தரையில் கிடந்தது.

முதலில் வந்தது பயமில்லை, கோபம். ஆயா ராக்காயியைக் கூப்பிட்டுப் பிடிபிடியென்று பிடித்தார்.

“தம்பி, எம்மேல ஏன் பாயுறீக?” என்றாள் அவள். “நோவு வளக்குற பெட்டியில கொண்டு போயி எவளாச்சும் திங்கிற சாமானை வைப்பாளா? சாவியை நீங்கதான இடுப்புல முடிஞ்சு வச்சிருக்கீக.”

அது நியாயம்தான். தயிரை லைசால் வாளியில் கொட்டினார். கிண்ணத்தைக் கொதிக்க வைத்தார். துடைக்கும்போது பார்த்தார், பக்கவாட்டில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. சி. குழந்தைவேலு. அப்படி ஒரு ஆள் அந்த ஆஸ்பத்திரியில் இல்லை.

ஒரு நாள் வீணாகிவிட்டது. பிள்ளை பாலாடையில் கொடுத்த பாலை விழுங்க மறந்துபோய், வாயோரம் வழியவிட்டுக்கொண்டு கிடந்தது. தங்கச்சாமி திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை ஃபார்மலின் இரண்டு பங்கு. இரண்டு அடுக்குக் காகிதம். வெளியே போகவும் இல்லை. லேப் கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு பெட்டிக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். எவன் வருகிறான் பார்த்துவிடலாம் என்று.

ஒருவரும் வரவில்லை. வெயில் ஜன்னலிலிருந்து நகர்ந்து மேஜைமேல் விழுந்தது. மார்கழி மாதத்துக் கோயில் ஸ்பீக்கர்கூட அந்த நேரத்தில் ஓய்ந்திருந்தது. அவருக்குக் கண் செருகியது.

சர்ர்...

நிமிர்ந்தார்.

தகரத்தின்மேல் கிண்ணத்தை இழுக்கிற சத்தம். பெட்டிக்குள்ளிருந்து.

எலியாக இருக்கலாம். ஆனால் அந்த ஆவியில் எலி எப்படி...

சப்... சப்... சப்...

நிதானமாக. ஒரு அவசரமும் இல்லாமல். யாரோ விரலைச் சூப்புகிற சத்தம்.

வராந்தாவில் விளக்குமாற்றுச் சத்தம் நின்றது. ராக்காயி ஜன்னல் பக்கம் வந்து, உள்ளே எட்டிப் பார்க்காமலே கேட்டாள்.

“தம்பி, உள்ள யாரு, பிள்ளைக்குச் சோறூட்டுறது?”

அவளுக்கும் கேட்கிறது. அப்படியென்றால் இது தூக்கக் கலக்கம் இல்லை.

எழுந்து ஓடியிருப்பார். ஓடவில்லை. இடையில் திறந்தால் ஆவி போய்விடும், இன்னொரு நாள் வீணாகும். பிள்ளைக்கு இன்னொரு நாள் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. ஸ்டூலின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். பயத்தை விடப் பெரியதாக அவருக்கு அந்தச் சில்லிட்ட பாதம் இருந்தது.

மறுநாள் மத்தியானம் திறந்தார்.

கிண்ணம் இருந்தது. தயிர் இருந்தது. ஆடையைக் கிழித்துக்கொண்டு மூன்று கோடுகள். மூன்றும் பக்கத்தில் பக்கத்தில். விரல் விட்டு வழித்த கோடுகள்.

சின்ன விரல்கள்.

தொழில் புத்தி விடவில்லை. அந்தத் தயிரில் ஒரு துளி எடுத்துக் கண்ணாடியில் விட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். தயிர்க் கிருமி நீந்தாது. இருந்த இடத்தில் அப்படியே கிடக்கும். இதில் குச்சி குச்சியாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. குறுக்கும் நெடுக்குமாக, துள்ளிக்கொண்டு. எத்தனையோ நோயாளிகளின் குப்பியில் அவர் பார்த்திருக்கிற ஓட்டம்தான் அது. டைபாய்டு.

டாக்டரைக் கூட்டி வந்து காட்டினார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை, மாட்டி ஒருமுறை பார்த்தார்.

“இதுல என்ன ஓடுது? எல்லாம் செத்த மாதிரிக் கெடக்கு.”

தங்கச்சாமி திரும்பப் பார்த்தார். ஓடியது.

“ரெண்டு ராத்திரியா நீ தூங்கல” என்றார் டாக்டர். குரலில் கோபம் இல்லை. “தயிரை எவனோ விளையாட்டுக்குக் கொண்டாந்து வைக்கிறான். சேவுகன்கிட்ட சொல்லிக் காவல் போடுறேன். நானே பெட்டியைத் துடைச்சு எடுத்து வளரப் போடுறேன். நாளைக்குக் காலையில எதுவும் வளராம இருந்தா, பெட்டி சுத்தம். முடிஞ்சுபோச்சு.”

சொன்னபடியே அவர் பஞ்சுக் குச்சியால் பெட்டியின் உள்பக்கமெல்லாம் தடவி எடுத்து, புதுப் பெட்டியில் வளரப் போட்டார்.

சாயந்தரம் வாட்ச்மேன் சேவுகன் காவலுக்கு வந்தார். அந்த ஆஸ்பத்திரி கட்டிய நாளிலிருந்து இருக்கிறவர். கொதிக்க வைத்துக் கவிழ்த்திருந்த இரண்டு கிண்ணங்களையும் பார்த்தார். கையில் எடுத்துப் பெயரைத் தடவினார். அப்படியே கீழே வைத்துவிட்டார்.

“இது சின்னக்கருப்பன் வீட்டுக் கிண்ணமாச்சே.”

“அது யாரு?”

“ஒங்களுக்கு முந்தி இந்த லேப்புல இருந்தவரு. அவுக மகன் காதுகுத்துக்கு மாமன் சீரா ஒரு அடுக்கா வந்த கிண்ணம். நான் அன்னைக்குப் பந்தியில பாத்தேன்.” சேவுகன் துண்டை உதறித் தோளில் போட்டார். “அவுக சம்சாரம் மீனம்மா நாட்டரசன்கோட்டையில இருக்காக. எதுனாலும் அங்குட்டுப் போயிக் கேட்டுக்கங்க. எங்கிட்டக் கேக்காதீக.”

அன்று ராத்திரி பிள்ளை இரண்டு தடவை மூச்சை நிறுத்தியது. உள்ளங்காலைச் சுண்டிய பிறகு திரும்ப விட்டது. விடிந்தால் டாக்டர் பெட்டியைச் சுத்தம் என்று சொல்லிவிடுவார். அந்தப் பெட்டிக்குள் பிள்ளையை வைப்பதா, வேண்டாமா? வைத்தால் என்ன ஆகும்? வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் கண்ணெதிரே தெரிகிறதே. கிண்ணம் இரண்டையும் துணியில் முடிந்துகொண்டு முதல் பஸ்ஸில் நாட்டரசன்கோட்டைக்குக் கிளம்பிவிட்டார். போகும்போது அன்னக்கிளியிடம், நான் வருகிற வரைக்கும் பொறுத்துக்கொள் என்று மட்டும் சொன்னார்.

மீனம்மாள் உயிரோடு இருந்தாள். அதுவே அவருக்கு ஆறுதலாக இருந்தது. நாற்பது வயதிருக்கும். வெள்ளாட்டுக்குக் குழை போட்டுக்கொண்டிருந்தவள், முடிச்சை அவிழ்த்துக் கிண்ணங்களை வெளியே எடுத்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். திகைக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை.

“வாங்க தம்பி. உக்காருங்க. லேப்புலருந்துதான வாரீக?”

“ஆமாக்கா. இந்தக் கிண்ணம்...”

“எம் மகனோடது.” ஒன்றை எடுத்துக் கன்னத்தில் ஒத்திக்கொண்டாள். “இந்தப் பனியில வீட்டுல தயிரு தோயாது தம்பி. அவனுக்குக் கட்டித் தயிரு இல்லாமச் சோறு எறங்காது. அவுகதான் சொன்னாக, லேப்புப் பெட்டியில வச்சா ராத்திரியோட ராத்திரியாத் தோஞ்சுரும்னு. அப்ப ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலதான இருந்தோம், தெனமும் கிண்ணத்துல ஒறை ஊத்திக் குடுத்து விடுவேன். காலையில கல்லு மாதிரி வரும். மார்கழி பூராவும் அப்படித்தான் தின்னான்.”

அவளே சொன்னாள்.

“காச்சல் வந்துச்சு. அவுகதான் ரத்தம் எடுத்தாக. அந்தப் பெட்டியிலயே வச்சு வளத்துப் பாத்து, டைபாய்டுன்னு அவுக வாயாலயே சொன்னாக. நாலு வயசு. பதினோரு வருசமாச்சு. அவுக மலேயாவுக்குப் போறேன்னு போனவுகதான்.”

ஆடு கத்தியது. அவள் ஒரு குழையை எடுத்து அதன் பக்கம் போட்டாள்.

“இத்தனை வருசமா எங்கண்ணுல படாத தயிரு இப்ப எப்பிடிக்கா அங்க...”

“நாந்தான் ஒறை ஊத்துறேன். மார்கழி வந்தா என்னால சும்மா இருக்க முடியாது. சாயந்தரம் ஊத்தி அடுப்படியில வைப்பேன். காலையில கிண்ணத்தோட காணோம். மொத வருசம் பூனைன்னு நெனச்சேன். கிண்ணத்தைப் பூனை தூக்கிட்டுப் போகுமா? அப்பறம் புரிஞ்சுபோச்சு. ரெண்டு மூணு நாளுல கிண்ணம் மட்டும் அடுப்படிக்குத் திரும்பி வந்துரும். இந்தத் தடவைதான் வரல. நீங்க வச்சிருந்திருக்கீக.”

அவள் அவர் பக்கம் குனிந்தாள். முகத்தில் ஒரு தாய்க்கு இருக்கிற சாதாரணக் கவலைதான் இருந்தது.

“சாப்புட்டானா தம்பி? மிச்சம் வச்சானா?”

தங்கச்சாமிக்கு அழுகை வந்துவிட்டது. “சாப்புட்டான்க்கா” என்றார்.

“அஞ்சு நாளா ரெண்டு கிண்ணமாக் கேக்குறான்” என்றாள் மீனம்மாள். “ஒண்ணு வச்சா ராத்திரி பூராவும் பாத்திரத்தை உருட்டுறான். ரெண்டு வச்சாத்தான் சத்தம் நிக்கிது. ஒண்ணு காணாமப் போகுது, ஒண்ணு இங்கயே காலியாக் கெடக்குது. கூட வெளையாடத் தொணைக்கு யாரோ வாராக போல.”

ஐந்து நாள்.

அவர் பிள்ளை பிறந்து ஐந்து நாள்.

கிண்ணங்களை அங்கேயே விட்டுவிட்டு எப்படி எழுந்தார், எப்படி பஸ் ஏறினார் என்று தெரியாது. பஸ் ஒவ்வொரு ஊரிலும் நின்றது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூட்டை ஏற்றினார்கள், இறக்கினார்கள். கண்டக்டர் எவரிடமோ சாவகாசமாகப் பேசிக்கொண்டு நின்றான். தங்கச்சாமி அவன் சட்டையைப் பிடிக்கப் போய், பக்கத்திலிருந்தவர்கள் இழுத்து உட்கார வைத்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் சேவுகன் நின்றார்.

“தம்பி, டாக்டரய்யா பாத்துட்டாக. எதுவும் வளரலையாம். பெட்டி சுத்தமாம். பிள்ளை நீலம் பாரிச்சுப் போச்சு, அதான் நீங்க வரக் காத்திருக்காம...”

ஓடினார்.

மூன்றாம் நம்பர் அறை. சுவரோரம் சூட்டுப் பெட்டி. வெளிக்கதவு திறந்து கிடந்தது. காற்று போவதற்காகக் கண்ணாடிக் கதவு ஒரு விரல் அகலம் விலகியிருந்தது. நர்ஸ் பக்கத்தில் நின்றாள். அன்னக்கிளி சிரித்தாள்.

“பாருங்க, கண்ணு முழிச்சிருச்சு. நெறம் வந்துருச்சு.”

பிள்ளை சிவந்துபோய், வெதுவெதுப்பாக, பஞ்சுக்குள் கிடந்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் கை காலை அசைத்தது.

தலைமாட்டில் ஒரு கிண்ணம்.

கால்மாட்டில் ஒரு கிண்ணம்.

இரண்டும் காலி. வழித்துத் தின்ற கிண்ணங்கள்.

“யாரு வச்சது?”

நர்ஸ் குனிந்து பார்த்தாள். “நான் இங்கயேதான் நிக்கிறேன்... யாரும் வரல...”

பிள்ளையின் கீழ் உதட்டில் வெள்ளையாக ஒரு பொட்டு.

பாலாக இருக்கலாம்.

தங்கச்சாமி குனிந்து மோந்து பார்த்தார்.

புளிப்பு.

அப்படியே வாரி எடுத்தார். சட்டையைக் கிழித்துக்கொண்டு பிள்ளையை வெறும் நெஞ்சோடு வைத்து, மேலே அன்னக்கிளியின் சேலையைச் சுற்றிக்கொண்டார். டாக்டர் வந்து சத்தம் போட்டார். நர்ஸ் கெஞ்சினாள். அவர் காதில் விழவில்லை. “எஞ்சூடு போதும். எஞ்சூடு போதும்” என்று அதையே சொல்லிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பகலில் அவர், ராத்திரியில் அன்னக்கிளி, மாற்றி மாற்றி மார்கழி முடிகிற வரைக்கும் அந்தப் பிள்ளையை நெஞ்சிலிருந்து இறக்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வருமோ என்று தினமும் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். வரவில்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டது.

பெட்டியை மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போட்டுக் கடப்பாரையால் அடித்து நொறுக்கினார். குழி தோண்டி, சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கொட்டி மூடினார். டாக்டர் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு அந்த லேபில் ஒரு சத்தமும் இல்லை.

பிள்ளைக்குக் கருப்பாயி என்று குலசாமி பெயர் வைத்தார்கள். கூப்பிடுவது கருப்பி. தவழ்ந்தது, நின்றது, எட்டு வைத்தது. கொழுகொழுவென்று இருந்தது. தங்கச்சாமிக்கு மெல்ல மெல்லப் பழைய வாய் திரும்பியது. மாட்டுக் கதையின் மூன்றாவது விதம் அந்த வருஷம் உண்டானதுதான்.

அடுத்த மார்கழி வந்தது. பிள்ளையின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கடைசியாகக் கிடைத்த அந்த இரண்டு கிண்ணங்களும் பரணில் ஒரு பையில் கிடந்தன. அடுத்தவர் பிள்ளையின் பெயர் வெட்டிய பாத்திரம் நம் வீட்டில் எதற்கு என்று அன்னக்கிளி நச்சரித்தாள். வெறும் கிண்ணமாகக் கொடுக்கக் கூடாது என்று இரண்டிலும் ஒரு பிடி கற்கண்டைப் போட்டாள். தங்கச்சாமி நாட்டரசன்கோட்டைக்குப் போனார். இந்தத் தடவை தைரியமாகத்தான் போனார். அக்கா, பெட்டியை உடைத்துப் புதைத்துவிட்டேன், உங்கள் மகன் இனி அங்கே வர வேண்டியதில்லை, அவனை நல்லபடியாக வழியனுப்பிவிடுங்கள் என்று சொல்வதாக இருந்தார்.

சொன்னார். மீனம்மாள் கற்கண்டில் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு பதில் சொன்னாள்.

“பெட்டி போனாப் போகுது தம்பி. எம் மகன் அங்குட்டுப் போறதில்லையே இப்ப.”

“தயிரு?”

“தெனமும் வைக்கிறேன். இந்த மார்கழியில கிண்ணம் அடுப்படியை விட்டு நகர்றது இல்ல. இங்கயே வந்து தின்னுட்டுப் போயிடுறாக. காலையில பாத்தா நக்குனாப்புல காலியா இருக்கு.” அவள் அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினாள். “நேத்துக்கூட ரெண்டு.”

தங்கச்சாமி அதற்கு மேல் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இருந்தது. கருப்பி முற்றத்தில் உட்கார்ந்து மண்ணை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது. அப்பாவைப் பார்த்துச் சிரித்தது. அவர் அதைத் தூக்கி நெற்றியைத் தொட்டார், வயிற்றைத் தொட்டார். சாதாரணமாகத்தான் இருந்தது.

“பிள்ளைக்குத் தயிரு குடுக்கிறியா?” என்று அன்னக்கிளியிடம் கேட்டார்.

“தயிரா? வாயில வச்சாவே துப்பிரும். அதுக்கு ஆகாது.” அன்னக்கிளி கொடியில் துணியைப் போட்டுக்கொண்டே பேசினாள். “ஆனா ஒண்ணு கவனிச்சீகளா? மார்கழி பொறந்ததுலருந்து விடியக்காலம் பாலுக்கு அழுறதே இல்ல. நான் எழுப்பிக் குடுத்தாலும் தலையைத் திருப்பிக்கிடுது. வயிறு நெறஞ்ச பிள்ளை கணக்காத் தூங்குது.”